பிக்கப்பில் எப்போதாவது வரும் ‘டொக்’: பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

என் பிக்கப்பில் வந்த ஒரு சத்தத்தை நிறுத்தச் செலவழித்த கணக்கு இது. பின்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி 3,400 ரூபாய். ஸ்பிரிங் பட்டையின் நுனியைச் சேஸோடு கோக்கும் ஷேக்கிள் பின், அதன் ரப்பர் புஷ் மாற்றியது கூலியோடு 1,650. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில், மடங்கும் மூட்டான கிராஸ் இரண்டு, கூலியோடு 2,700. வலப்பக்கப் பின் ஹப் பேரிங், ஆயில் சீலுடன் 2,350. ஆக மொத்தம் 10,100 ரூபாய். வண்டி பட்டறையில் நின்றதால் போன வாடகையையும் சேர்த்தால் இருபதாயிரத்தைத் தொடும். இத்தனையும் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பின் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு பிடிக்கும் நான்கு யூ போல்ட், இரண்டு சென்டர் போல்ட், கூலி என்று 2,300 ரூபாயில் வேலை முடிந்தது. இந்த அலைச்சலின்போது ஆதியோடு அந்தமாகச் சொல்லித் தர ஒருவர் கிடைக்கவில்லை. இதே மாதிரி சத்தத்தோடு யாராவது அல்லாடிக்கொண்டிருந்தால் அவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வண்டி ஒன்றே கால் டன் ஏற்றும் டீசல் பிக்கப். பின்சக்கர இழுவை, பின்னால் ஸ்பிரிங் பட்டை, இரண்டு துண்டாக வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். நம்ம பக்கம் சந்தைக்கு ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை அடியில் இந்த அமைப்புதான். சத்தம் ஒரே ஒரு ‘டொக்’. கடகடவென்று தொடர்ந்து வராது. கனமான சத்தம், காதில் கேட்பதோடு சீட்டிலும் லேசாகத் தட்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது ஒருமுறை கேட்கும். பிறகு பழனி வரைக்கும் ஒன்றும் இருக்காது. வழியில் மாடு குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தினால் மறுபடி ஒன்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் வராது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, “அண்ணே, எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்பார். நடுராத்திரி லோடோடு போகும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் வயிற்றைப் பிசையும். பட்டறையில் போய் நின்றால் நாமே கதை கட்டுகிறோமோ என்று கூச்சமாக இருக்கும். இந்தக் கூச்சம்தான் “சரி, எதையாவது மாத்திப் பாருங்க” என்று சொல்ல வைக்கிறது.

முதலில் காசில்லாமல் பார்க்க வேண்டியவை. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சங்கிலி ஒரு பல் தளர்ந்திருந்தாலும் பள்ளத்தில் ‘தொம்’ என்று அடிக்கும். ஜாக்கி, லிவர், வீல் ஸ்பேனர் இருக்கும் இடம். பின்கதவின் கொக்கியும் சங்கிலியும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர். மட்கார்டு பிராக்கெட். லோடு பாடியைச் சேஸில் பிடித்திருக்கும் போல்ட்கள். இவை தளர்ந்தால் வரும் சத்தம் அச்சிலிருந்து வருவது போலவே ஏமாற்றும். பின்கதவுக் கொக்கியில் பழைய டியூப் துண்டைச் சுற்றி, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ஷாக்கை மாற்றுவது வீண்.

அடுத்து, சத்தம் எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றும். அதாவது டயரில் கல் மாட்டியிருந்தாலோ, பிரேக் டிரம் கோணியிருந்தாலோ, வீல் நட் தளர்ந்திருந்தாலோ வரும் சத்தத்தை வாயால் எண்ணலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது. நொடிக்குப் பத்துக்கு மேல் என்பதால் எண்ண முடியாது, ‘கிரீச் கிரீச்’ என்று குருவிச் சத்தமாகவோ அதிர்வாகவோதான் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல், வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரே அடியாக வந்தால், சுற்றும் பாகத்தை விட்டுவிடலாம். ஏதோ ஒன்று ஓரிடத்திலிருந்து நகர்ந்து இன்னோரிடத்தில் போய் முட்டுகிறது. என் வண்டிச் சத்தம் இந்த ரகம். ஹப் பேரிங் மாற்றச் சொன்னவரிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லியிருந்தால் 2,350 ரூபாய் மிஞ்சியிருக்கும். பேரிங் தேய்ந்தால் ‘ஊஊ’ என்ற உறுமல் வரும். வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரத்துக்குப் போவதால் இடப்பக்கப் பேரிங் உறுமல் கூடும். இடப்பக்கம் வளைந்தால் குறையும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஓட்டிவிட்டு வந்து இரண்டு பக்கமும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு பக்கம் மட்டும் சூடு கூடுதலாக இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லையென்றால் பேரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

ஷாக் அப்சார்பர் விஷயம் இதைவிட வேடிக்கை. மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. சில நாள் நிம்மதி. பிறகு அதே ‘டொக்’. காரணம் பின்னால்தான் புரிந்தது. ஷாக்கை மாற்ற வண்டியைச் சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்குகிறார்கள். அச்சு தொங்குகிறது, இறக்கும்போது வேறோர் இடத்தில் போய் உட்காருகிறது. நகர வேண்டியது ஒரு ஓரத்தில் இறுகிக்கொண்டதால் கொஞ்ச நாள் அசையவில்லை. எப்போதாவது வரும் சத்தத்தில் பெரிய பொறி இதுதான். எதைத் தொட்டாலும் சில நாள் நிற்கும், தொட்ட பாகம்தான் காரணம் என்று நம்பத் தோன்றும். அதனால் ஒரு வேலை செய்தபின் சத்தம் எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அதே சூழ்நிலையை நாமே உண்டாக்கி, திரும்பத் திரும்பப் பார்த்து, வரவில்லை என்றால்தான் சரியானதாக வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஷாக்கை நிறுத்திவைத்து முழு நீளத்துக்கு அழுத்தி இழுத்தால், நடுவில் எங்கேயும் வெறுமையாக ஓடாமல் சீராக எதிர்த்து, எண்ணெய்க் கசிவும் இல்லையென்றால் அது நல்ல ஷாக். என்னுடைய பழைய ஜோடி அப்படித்தான் இருந்தது. இரண்டு மூன்று பாகத்தை ஒரே நாளில் மாற்றவும் விடாதீர்கள். சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸைச் சந்தேகப்பட்டதில் மட்டும் நியாயம் இருந்தது. கிளம்பும்போது ஒரு ‘டொக்’ என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் அங்கேதான் கை வைப்பார். ஆனால் மாற்றுவதற்கு முன் பார்க்கும் முறை சுலபம். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள், மேலே தூக்கியும் பாருங்கள். கிராஸின் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் தாமதமாகத் திரும்பினால் அங்கே ஆட்டம் இருக்கிறது. கிராஸின் நான்கு முனையையும் மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் தேய்கிறது. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களில் கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும், அதைக் கிராஸ் ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்த நான்காவதுதான் முதலில் போகும். சென்டர் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஷாஃப்டைக் கழற்றினால், கழற்றும் முன் இரண்டு துண்டும் சேரும் ஸ்பிளைனிலும் (பல் வெட்டிய சறுக்கு இணைப்பு) பிளாஞ்சிலும் (போல்ட் பூட்டும் தட்டு) பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் இல்லாத அதிர்வு புதிதாக வரும். பிறகு அதைத் தேட இன்னொரு பட்டறை ஏற வேண்டும்.

கிராஸா, கியர்பாக்ஸா, அச்சா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. காலி மைதானம் வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அணைத்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. 15 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குப் போய் உருளவிட்டு, பிரேக்கை ஓங்கி அழுத்துங்கள். இன்ஜினின் இழுவை இப்போது ஷாஃப்டுக்குப் போகவில்லை. அப்படியும் ‘டொக்’ வந்தால் கியர்பாக்ஸ், கிளட்ச், கிராஸ் மூன்றின் மேலும் உள்ள சந்தேகம் பெருமளவு கழிந்துவிடும். ஸ்பிளைன் மேலுள்ள சந்தேகம் மட்டும் மிஞ்சும். பிரேக் போடும்போது பட்டை முறுக்கிக்கொண்டு அச்சு லேசாகத் திரும்புகிறது, அதனால் காய்ந்த ஸ்பிளைன் ‘டக்’ என்று நகரலாம். அதற்குக் கிரீஸ் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பின்பு அதே நியூட்ரலில் பின்பக்கமாக நடை வேகத்தில் உருளவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பெரும்பாலான பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில்தான் பிடிக்கும். அப்போது சத்தம் வந்தால் அது பின் அச்சைச் சேர்ந்தது. டிரம்முக்குள் பிரேக் ஷூ இடம் மாறுகிறது, அல்லது அச்சே நகர்கிறது. டிரம்மைக் கழற்றி ஷூ ஸ்பிரிங்கையும் ஆங்கர் பின்னையும் பார்த்தால் முதல் சந்தேகம் தீர்ந்துவிடும். என் வண்டியில் டிரம்முக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ரப்பர் புஷ் பற்றியும் இரண்டு வார்த்தை. புஷ் காய்ந்தால் ‘கிறீச்’ என்றுதான் முனகும். சந்தேகமிருந்தால் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு புஷ்ஷில் மட்டும் ஊற்றி ஓட்டிப் பாருங்கள், நின்றால் அதுதான். எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஊற்றினால் எது என்று தெரியாது. டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ ரப்பரில் படவே கூடாது, உப்பிப் போகும்.

இதெல்லாம் தெரிந்தும் பல பட்டறையில் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம், ‘லோடு ஏற்றினால் சத்தம் வருகிறது’ என்ற வாக்கியம். அதைக் கேட்டதும் எல்லாருடைய புத்தியும் எடையைத் தாங்கும் பாகங்களுக்குப் போய்விடுகிறது: ஷாக், புஷ், பேரிங். சுத்தி வளைத்து ஓர் ஸ்பிரிங் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த வயதானவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. “லோடு ஏத்த வண்டியை எப்படித் தம்பி விடுவீங்க?” என்றார். “ரிவர்ஸ்லதான்ணே, மண்டிப் படிக்கட்டுக்கு ஒட்டி.” “அப்ப ரிவர்ஸ் எடுத்தா வருதா, லோடு ஏத்துனா வருதா?” பதில் சொல்ல முடியவில்லை. லோடு ஏற்றும் ஒவ்வொரு முறையும் ரிவர்ஸும் கூடவே வருகிறது. பட்டறைக்குப் போகும்போது வண்டி நேராகப் போய் நேராக வெளியே வரும். மெக்கானிக் ஓட்டும் சுற்றிலும் ரிவர்ஸே கிடையாது. காலி வண்டியை அங்கேயே பின்னால் எடுத்து, ஒரு அழுத்து பிரேக், முதல் கியரில் வெடுக்கென்று முன்னால். ‘டொக்.’ லோடே இல்லை.

அதனால் சத்தம் கேட்ட நேரத்தைக் குறித்து வைக்கும்போது வேகம், கியர், லோடு, வளைவு, வெயிலா மழையா என்பதோடு, அதற்குச் சற்று முன் வண்டி என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். ரிவர்ஸ் வந்ததா, பிரேக் போட்டதா, மேட்டில் நின்றிருந்ததா. இப்படி ஒரு பக்கக் குறிப்போடு போனால் மெக்கானிக்கின் கையில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. “எப்பவாவது வருதுண்ணே” என்று மட்டும் சொன்னால் அவர் தன் அனுபவத்தில் அதிகம் மாற்றிய பாகத்தைத்தான் மாற்றுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, சத்தத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாகம் மாற்றினால்தான் காசு என்ற நிலையில் யாரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள்.

ஏன் திசை மாறும்போது மட்டும் வந்தது? பின் அச்சு, ஸ்பிரிங் பட்டைக் கட்டுக்குக் கீழே இருக்கிறது. கட்டின் நடுவில் எல்லாப் பட்டைகளையும் கோத்து ஒரு சென்டர் போல்ட். அதன் தலை, அச்சின் மேலுள்ள சீட்டில் இருக்கும் குழியில் உட்காரும். கட்டையும் அச்சையும் சேர்த்து இரண்டு யூ போல்ட்கள் அணைத்து இறுக்கியிருக்கும். இழுவையையும் பிரேக்கையும் தாங்க வேண்டியது யூ போல்டின் இறுக்கத்தால் வரும் பிடிமானம். சென்டர் போல்டின் வேலை அச்சைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது மட்டும்தான். யூ போல்ட் தளர்ந்தால் முழு விசையும் சென்டர் போல்டின் கழுத்துக்குப் போகிறது, அது வெட்டுப்பட்டுப் போகும். பிறகு அச்சு, பட்டைக்குக் கீழே சறுக்க ஆரம்பிக்கும். முன்னால் இழுக்கும்போது முன் ஓரத்துக்குப் போய் உட்காரும். அப்படியே எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அசையாது. ஓங்கி பிரேக் போட்டாலோ ரிவர்ஸ் எடுத்தாலோ பின் ஓரத்துக்கு வரும், அங்கே ஒரு ‘டொக்’. அடுத்து முன்னால் கிளம்பும்போது இன்னொன்று. மெதுவாக ஓட்டினால் வண்டியின் எடையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும், சத்தமே வராது. பட்டறைக்காரர் பதமாக ஓட்டிப் பார்த்ததும் நம்முடைய துரதிர்ஷ்டம்.

இதைக் கண்ணால் பார்க்கும் வழி. யாரும் அடியில் படுக்கக் கூடாது, அது முதல் விதி. வலப்பக்கப் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் தெரிகிற மாதிரி, வண்டி போகும் தடத்துக்கு வெளியே தரையில் செங்கல்லில் சாய்த்துப் போனை வைத்து, டார்ச் அடித்து ஸ்லோ மோஷனில் வீடியோ ஓடவிட்டோம். ஓட்டுபவர் ஒரு மீட்டர் பின்னால், ஒரு மீட்டர் முன்னால். வீடியோவில் பட்டைக் கட்டு அப்படியே நிற்கிறது, அதற்குக் கீழே அச்சின் சீட்டு மட்டும் ஒரு நூல் அளவு முன்னால் போய் நின்றது. திரும்பப் பின்னால் வந்தது. அவ்வளவு நாள் வயிற்றைக் கலக்கியது இந்த மூன்று மில்லிமீட்டர். போன் வீடியோ இல்லாமலும் பார்க்கலாம். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பட்டை, சீட்டு, யூ போல்ட், அடித்தட்டு எல்லாவற்றின் குறுக்கே ஒரே கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுங்கள். நகப் பூச்சுகூடப் போதும். ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கும் இடம்தான் அசையும் இடம்.

அடுத்து, வாட்டர் சர்வீஸ். பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வண்டியை அடியோடு கழுவுவது மரியாதை என்று நினைக்கிறோம். இரும்பும் இரும்பும் இறுக்கமாக உரசினால் நைசான செந்தூள் வெளிவரும். தளர்ந்த யூ போல்டின் ஓரத்திலும் சீட்டுக்கும் பட்டைக்கும் நடுவிலும் அது கோடு மாதிரி படிந்து, கீழ்ப்பக்கமாக வழிந்திருக்கும். சாதாரணத் துரு செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது விரலால் தொட்டால் மஞ்சள் பூசியது போல ஒட்டும். அருகிலேயே இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். இந்த ஒரு தடயத்தைத் தண்ணீர் பீச்சி அழித்துவிட்டால் மெக்கானிக்குக் கண்ணில் பட எதுவும் இல்லை. முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், போட்டோ எடுங்கள், அப்புறம் கழுவுங்கள்.

அச்சு நகர்ந்திருக்கிறதா என்பதை டேப்பால் அளந்தும் சொல்லலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சமதரையில், முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளவெடுங்கள். மூன்று நான்கு மில்லி வித்தியாசம் டேப் பிடிப்பதிலேயே வரும். என் வண்டியில் வலப்பக்கம் 9 மில்லி குறைவாக இருந்தது. இது முற்றினால் வண்டி ரோட்டில் கோணலாக ஓடும். ஓட்டுபவருக்குத் தெரியாது, பின்னால் வருபவருக்குத் தெரியும். சத்தம் என்ற அளவில் இதைச் சகித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. அச்சு நன்றாக நகர்ந்துவிட்டால் பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் இழுக்கும், புரொப்பல்லர் கோணம் மாறும், லோடோடு பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் திருப்பும்.

கழற்றியபோது வலப்பக்கச் சென்டர் போல்டின் தலை தனியாகக் குழிக்குள் கிடந்தது. உடைந்த முகத்தில் பாதி பழைய கறுப்பு, பாதி புது வெள்ளை. அதாவது கொஞ்சம் கொஞ்சமாகவே விரிசல் விட்டுக் கடைசியில் உடைந்திருக்கிறது. இடப்பக்கத்தது உடையவில்லை, வளைந்திருந்தது. யூ போல்ட் ஏன் தளர்ந்தது என்பதும் அங்கேயே தெரிந்தது. முன்பு எப்போதோ இரண்டு பக்கமும் எக்ஸ்ட்ரா பட்டை ஒன்று சேர்த்து, பழைய யூ போல்டையே பூட்டியிருக்கிறார்கள். கட்டின் கனம் கூடிவிட்டது, போல்டின் நீளம் கூடவில்லை. நட்டுக்கு வெளியே மரையே தெரியவில்லை. சில மரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. சென்டர் போல்டை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் அதுவும் போயிருக்கும். ஸ்பிரிங் வேலையில் பரவலாக நடக்கும் அரைகுறை இதுதான், உடைந்ததை மாற்றுவது, உடைத்ததை விட்டுவிடுவது.

எக்ஸ்ட்ரா பட்டை பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. நிறையப் பிக்கப்பில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கம்பி போகும், அது லோடுக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு சேர்ந்தது. வண்டி தாழ்ந்தால் ‘லோடு இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், முழு லோடு ஏற்றியும் வண்டி அவ்வளவாகத் தாழாது. வால்வு காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே வைக்கும். ஆர்.சி.யில் எழுதிய எடை பட்டை சேர்ப்பதால் கூடிவிடாது, பிரேக் மட்டும் குறையும். எக்ஸ்ட்ரா பட்டையை எடுத்துவிட்டேன்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. யூ போல்டைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், ஒருமுறை இழுபட்ட போல்ட் அதே இறுக்கத்தைத் தராது. நட்டும் புதிது. சீட்டில் பழைய பெயின்ட், துரு, மண் எதுவும் இருக்கக் கூடாது, இரும்பு தெரியச் சுரண்டி உட்கார வையுங்கள். நடுவில் மாட்டிய பெயின்ட் நொறுங்கினால் இறுக்கம் தானாகக் குறையும். குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் புது போல்ட் தலையும் ஆடும். அதைச் சரிசெய்ய அச்சுக் குழாயில் கண்டபடி வெல்டிங் வைத்தால் குழாயே கோணிவிடும், லேத்தில் விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை. கழற்றிய கையோடு ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகத் துடைத்து நடுத் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை பலவீனமாக இருப்பது அந்தத் துளையில்தான். அங்கே உடைந்தால் யூ போல்டும் தட்டும் மறைத்துவிடும், வெளியிலிருந்து தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நட்டையும் குறுக்கு மாறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு காலிலும் வெளியே தெரியும் மரை சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) போட்டு, உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவுக்கு. மேனுவல் அளவு உலர்ந்த மரைக்கா, எண்ணெய் தடவிய மரைக்கா என்பதையும் பாருங்கள். எண்ணெய் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். பைப் போட்டுத் தொங்கி இறுக்குவது பல பட்டறையில் வழக்கம். அது மரையை இழுத்துவிடும், அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், அப்புறம் தளரும்.

லோடோடு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி டார்க் வைத்துப் பார்ப்பது கட்டாயம். புது போல்டும் பட்டையும் ஒன்றோடொன்று படிந்து கொஞ்சம் இளகும், எனக்கு நான்கு யூ போல்டிலும் நட் கால் சுற்றுக்குக் குறையாமல் ஏறியது. அதற்குப் பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும். பெயின்ட் கோட்டை அழிக்காமல் வைத்திருந்தால் டார்ச் அடித்ததும் தெரிந்துவிடும். இப்போதும் ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக் போட்டால் முன்பக்கம் சின்னதாக ‘டிக்’ என்று ஒன்று வரும். அது காலிப்பரில் பிரேக் பேட் மறுபக்கம் போய் உட்காரும் சத்தம், அதற்கு எதையும் மாற்ற வேண்டாம். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள், சேஸுக்கு அடியில் குனியும்போது பின் யூ போல்டில் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிகிறதா, ஒரு பட்டை மட்டும் நிறம் மாறிப் புதிதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.